மேட்டுக்கு ஒரு பல், ரோட்டுக்கு ஒரு பல்

1978 மே 9, செவ்வாய்

ஏறவில்லை. இன்றைக்கும் ஏறவில்லை. அடிமாலிக்கு மேலே மாமியார் வீட்டுக்குப் போகும் மண்பாதையில், கடைசி ஏற்றத்தில் வண்டி மூச்சடைத்து நின்றுவிட்டது. கிளட்ச் கருகிய நாற்றம். ஒரு இஞ்சி மூட்டைகூட ஏற்றவில்லை, வெறும் வண்டி! ஓரமாகப் போட்டுவிட்டு நடந்தே போய் என் மனைவி பாக்கியத்தைப் பார்த்துவிட்டு வந்தேன்.

முகமெல்லாம் வீங்கியிருக்கிறாள். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, ஆஸ்பத்திரியில்தான் பார்க்க வேண்டும் என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். வளைகாப்பு முடிந்ததுமே சொன்னேன், மட்டாஞ்சேரியில் நம் வீட்டிலேயே இருக்கட்டும் என்று. "தலைப்பிரசவம் தாய் வீட்டுலதான்" என்று மாமியார் சீனியம்மாள் ஒரே பிடி. அவள் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்று கால்தான்.

கட்டிலில் வைத்துத் தூக்கி வரவும் விடமாட்டாளாம். போன மழையில் தூக்கிவந்தவர்கள் கால் வழுக்கி, பக்கத்து வீட்டுப் பெண் ஓடையோடு போய்விட்டாள். அதில் மட்டும் அவளைக் குறை சொல்ல முடியாது. பாதையில் ஆள் முழங்கால் அளவுக்குப் பள்ளம். வாடகை ஜீப்புக்காரர்கள் கும்பிடு போட்டுவிட்டார்கள். அதற்காகத்தானே என் பழைய பட்டாளத்து டிரக்குக்கு ஸ்பிரிங் பட்டை கூட்டி, உயரத்தைத் தூக்கி, ஆனைக்கால் மாதிரி டயர் மாட்டினேன்? பள்ளத்தைத் தாண்டுகிறது. மேடு ஏறமாட்டேன் என்கிறது. மழை வந்துவிட்டால் — ஐயோ, என்ன செய்வேன்?

மே 10, புதன்

மெக்கானிக் ரஷீதின் ஒர்க்ஷாப்புக்குப் போனேன். வண்டியைச் சுற்றி வந்து சிரித்தான். எனக்கு உச்சந்தலை எரிந்தது.

"எடா துரை, டயரை மட்டும் பெரிசாக்கினா ஆச்சா? பெரிய டயர் ஒரு சுத்துக்குக் கூடுதல் தூரம் போவும். அதைத் தள்ள எஞ்சினுக்குப் பெலம் வேணாமா? உள்ள இருக்கிற பல்லையும் அதுக்குத் தக்கன மாத்தணும்."

இப்போது அச்சுக்குள் கிரவுன் சக்கரத்தில் 34 பல், அதைச் சுற்றும் பினியனில் 7. டயர் ஐந்தில் ஒரு பங்கு பெரிசாகியிருக்கிறது, பல்லும் அந்த அளவு கூடணும் என்று தரையில் சாக்பீஸால் கணக்குப் போட்டான். 41-க்கு 7 போட்டால் மேடும் ஏறும், ரோட்டிலும் ஓடும் என்றான்.

மே 13, சனி

இடக்கொச்சிப் பழைய சாமான் கடையில் ரஷீதும் நானும் இரும்புக் குவியலைக் கிளறினோம். 41-க்கு 7 கிடைத்தது, ஆனால் பின் அச்சுக்கு மட்டும். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி இது. முன்னும் பின்னும் ஒரே கணக்கில் இல்லாவிட்டால் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி உடைந்துபோகும். இரண்டு அச்சுக்கும் ஜோடியாகக் கிடைத்தது 40-க்கு 6.

ரஷீது வேண்டாம் என்றான். "அது மலைக்குக் கொள்ளாம், நல்லா ஏறும். ரோட்டுல மாட்டுவண்டி. பத்து நாள் பொறு, கோயமுத்தூர்ல சொல்லி முன்னச்சுக்கு வரவழைக்கிறேன்."

"எம் பெண்டாட்டி மேட்டுலதானடா கெடக்கா? ரோட்டுலயா கெடக்கா?"

"ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு."

கடைக்காரன் காதுபடவே ரஷீது இப்படிச் சொன்னான். ஜோடியை வாங்கி, நானே தோளில் வைத்துக்கொண்டு வந்தேன். பத்து நாள் பொறுக்கணுமாம். இவன் பெண்டாட்டியா மேலே கிடக்கிறாள்?

மே 14

தூக்கம் இல்லை. குறுக்கே கிடக்கிற பிள்ளை திரும்புமா? யாரிடம் கேட்பது?

மே 21, ஞாயிறு

மாட்டி ஓட்டிப் பார்த்தோம். ஊளையிடுகிறது. பல்லும் பல்லும் சரியாக உட்காரவில்லையாம். மறுபடி எல்லாவற்றையும் பிரித்துப் போட்டிருக்கிறான் ரஷீது. "வேகம் வேகம்னு என் கழுத்துல நின்னா கை எப்படிடா ஓடும்?" என்றான். ஸ்பானரை வீசி எறிந்தேன். அவன் மேல் படவில்லை. பட்டிருந்தால்?

மே 25, வியாழன்

கோயமுத்தூரிலிருந்து 41-க்கு 7, முன் அச்சு செட் வந்துவிட்டது. என்னிடம் சொல்லாமலே ரஷீது வரவழைத்திருக்கிறான். என் வண்டி இன்னும் பிரித்தபடி கிடக்கிறது. அவன் சாயாவைக் குடித்துவிட்டு, "இப்பவும் மாத்திக்கலாம். இன்னும் ஒரு வாரம் ஆவும்" என்றான். நான் வேண்டாம் என்றேன். வானம் கறுத்துக்கொண்டு வருகிறது. பிடிவாதத்தில் மாமியாருக்குச் சரியான மருமகன்தான் நான்.

ஜூன் 1, வியாழன்

மழை. வண்டி முடிந்தது. பாலத்தில் ஓட்டிப் பார்த்தேன். நாற்பது கிலோமீட்டரைத் தாண்டினால் எஞ்சின் கதறுகிறது. ஒரு ஸ்கூட்டர்காரன் ஹாரன் அடித்து என்னை முந்திக்கொண்டு போனான். போடா, மேட்டுக்கு வா பார்க்கலாம்!

ஜூன் 3, சனி

ஏறிவிட்டது! சேறு, பாறை, கடைசி ஏற்றம் எல்லாவற்றையும் எறும்பு மாதிரி ஊர்ந்து ஏறிவிட்டது. சந்தோஷப்பட நேரமில்லை. பாக்கியத்துக்கு மத்தியானத்திலிருந்தே வலி. இன்னும் மூன்று வாரம் இருக்கிறதே! ஓடையில் வெள்ளம், இருட்டில் இறக்க முடியாது. விடிந்ததும் கிளம்ப வேண்டும். மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாப்பிள்ளை, எம் புள்ளையக் காப்பாத்திருங்க" என்று அழுகிறாள். இதை அன்றைக்கே நினைத்திருக்கக் கூடாதா?

ஜூன் 4, ஞாயிறு, கோதமங்கலம் ஆஸ்பத்திரி வராந்தா

உள்ளே விடமாட்டேன் என்கிறார்கள். எழுதாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

மண்பாதையில் பிரேக்கே மிதிக்காமல் தாய் மடி மாதிரி இறக்கிக்கொண்டு வந்தது வண்டி. தார் ரோட்டுக்கு வந்தோம், மலையும் இறங்கினோம். நேரே கிடக்கிறது ரோடு, வண்டி போகவில்லை! மிதிக்கிறேன், மிதிக்கிறேன், நாற்பதுக்கு மேல் ஒரு அடி போகவில்லை. பின்னால் பாக்கியம் அலறுகிறாள். சேலையெல்லாம் ரத்தம். "வெரசாப் போங்க" என்கிறாள் மாமியார். எப்படிப் போவேன்? நான்தானே இந்தப் பல்லைத் தோளில் சுமந்து வந்தேன்?

பின்னால் ஒரு அம்பாசடர் ஹாரன் அடித்தது. வழி விடவில்லை, குறுக்கே நிறுத்திக் கையெடுத்துக் கும்பிட்டேன். ஞாயிற்றுப் பூசைக்குச் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். பெரியவர் எட்டிப் பார்த்தார். என் வண்டிக்குள் ரத்தத்தைப் பார்த்ததும் கார்க் கதவைத் திறந்துவிட்டார். "எறங்கு எல்லாரும்! கேற்று, அவளை வேகம் காருல கேற்று!" அவர் மனைவி, இரண்டு மகள்கள், வெள்ளை உடுப்போடு சேற்றில் இறங்கி நின்றார்கள். மகன் ஓட்ட, பாக்கியமும் மாமியாரும் போனார்கள். இறங்கி நின்றவர்களை நடுரோட்டில் விட்டுவிட்டு நான் எப்படிக் கூடப் போவது? அந்தப் பெரியவரையும் பெண்களையும் ஏற்றிக்கொண்டு பின்னால் ஊர்ந்து வந்தேன். வழியெல்லாம் அவர்கள் ஜெபம் சொன்னார்கள்.

நான் வருவதற்குள் ஆப்பரேஷன் அறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கதவு மூடியிருக்கிறது. கடவுளே. கடவுளே.

ஜூன் 6, செவ்வாய்

இன்றைக்குத்தான் பாக்கியம் நன்றாகப் பேசினாள். பக்கத்தில் மகள் தூங்குகிறாள். கறுப்பு, என்னை மாதிரி. கால் மணி தாமதித்திருந்தால் இரண்டு பேரும் இல்லை என்று டாக்டரம்மா சொன்னாள்.

"கார்ல போறப்ப பயமா இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"பின் கண்ணாடி வழியா ஒங்க வண்டியத்தான் பாத்துக்கிட்டே போனேன். கார் போன வேகத்துல அது சின்னதாகிக்கிட்டே போச்சு. ஒரு வளைவுல காணாமலே போச்சு" என்றாள். "அப்பதாங்க, பொழச்சுருவேன்னு நம்பிக்கை வந்துச்சு."