செவ்வாய்க்கிழமைக் கிழவிகள்

மார்ச் 4

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே அனைவரும் நலம். நீங்களும் நலம் என்றுதான் நம்பியிருந்தேன், இன்றைய செய்தித்தாளைப் பிரிக்கும்வரை. உங்கள் ஊர்க் காவல் தலைமையக வாசலில் பதினொரு கிழவிகள் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் படம். மூன்றாவது நாற்காலியில் நீங்கள். மடியில் ஓர் அட்டை: "எங்கள் பேத்தி எங்கே?"

உங்கள் பேத்தி என் வீட்டில் பத்திரமாக இருக்கிறாள். காணாமல் போனது தையல்காரம்மாவின் பேத்தி. அவர்கள் பாடு அவர்களுக்கு.

மேலதிகாரி அந்தப் படத்தை என் மேசையில் வைத்து, "உங்க அம்மாவுக்கு வீட்ல பொழுது போகலையா?" என்று கேட்டார். உள்துறையில் துணைச் செயலாளராக இருப்பவன் என்ன பதில் சொல்வது? முப்பது வருடம் அச்சகத்தில் பிழை திருத்தினீர்கள், சரி. இப்போது நாட்டையே திருத்தக் கிளம்பிவிட்டீர்களா? இந்தக் கூத்தை நிறுத்துங்கள்.

உங்கள் மகன்

மார்ச் 7

மகனுக்கு,

கூத்து என்றால் வேஷம் கட்ட வேண்டும். அது உன் அலுவலகத்தில் நடப்பது. நாங்கள் சொந்த முகத்தோடுதான் உட்காருகிறோம்.

தையல்காரியை யாரோ எவரோ என்பதுபோல் எழுதியிருக்கிறாய். உன் பள்ளிச் சீருடை அத்தனையும் அவள் தைத்தது. பிள்ளை வளர்வான் என்று கால்சட்டை ஓரத்தை இரண்டு விரல் உள்ளே மடித்து விடுவாள். உடம்பு மட்டும்தான் வளரும் என்று அவளுக்கு அப்போது தெரியாது.

அவள் பேத்திக்குப் பத்தொன்பது வயது. நர்சிங் இரண்டாம் வருடம். "போர் வேண்டாம்" என்று சுவரில் நோட்டீஸ் ஒட்டினாள். ஆகஸ்டில் வீட்டு வாசலிலேயே ஜீப்பில் ஏற்றினார்கள். தெருவே பார்த்தது. ஏழு மாதமாக உங்கள் துறை தரும் பதில் ஒன்றே ஒன்று: "அப்படி ஒருவர் எங்கள் காவலில் இல்லை." கேட்கப்போன அவள் தோழிகள் இரண்டு பேரையும் காணோம். அதனால்தான் கிழவிகள் போகிறோம்.

கல் எறிவதில்லை, கோஷம் போடுவதில்லை. செவ்வாய்தோறும் பத்து மணிக்கு உட்காருவோம், பன்னிரண்டுக்கு எழுந்திருப்போம், முழங்கால் மனது வைத்தால். போன வாரம் வாசல் காவலர், "ஏன் பாட்டி வெயில்ல கஷ்டப்படுறீங்க?" என்றார். "அவ எங்க இருக்கான்னு சொல்லு, நிழலுக்குப் போயிடறேன்" என்றாள் தையல்காரி. அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு இருக்கும் வெட்கத்தில் பாதியாவது உனக்கு இருக்கும் என்று நினைத்தேன். என் தப்பு.

அம்மா

மார்ச் 18

அம்மாவுக்கு,

நேற்று உங்கள் எல்லோரையும் பஸ்ஸில் ஏற்றி ஊருக்கு வெளியே கல் குவாரிப் பக்கம் இறக்கிவிட்டதாகத் தகவல் வந்தது. ஆத்திரப்படுவதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். தடியடி என்றுதான் முதலில் பேச்சு. நான்தான், "பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி விட்டால் போதும், நடந்து வீடு சேர்வதற்குள் புத்தி வந்துவிடும்" என்று குறிப்பு எழுதினேன். ஒருவர்மேலும் ஒரு கீறல் விழவில்லை. நன்றியை எதிர்பார்க்கவில்லை. இனியாவது வீட்டில் இருங்கள்.

உங்கள் மகன்

மார்ச் 19

மகனுக்கு,

அந்த யோசனை உன்னுடையதா? நல்லவேளை, நீயே எழுதினாய். யாரோ மூளையில்லாதவன் செய்தது என்று நினைத்திருந்தேன்.

மரமே இல்லாத சாலை. மதியம் ஒரு மணி வெயில். பஸ்ஸில் போகும்போது தையல்காரி சிரித்துக்கொண்டே வந்தாள். "நம்ம பதினொரு பேருக்கு ஒரு பஸ்ஸு, முன்னால ஒரு ஜீப்பு, பின்னால ஒரு ஜீப்பு. என் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு மரியாதை நடக்கல" என்றாள். ஏழாவது கிலோமீட்டரில் உட்கார்ந்துவிட்டாள். "நீங்க நடங்க, மூச்சு வாங்கிட்டு வரேன்" என்றாள். வாங்கிய மூச்சு திரும்பவில்லை. ஒரு லாரிக்காரர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். நேற்று விடியற்காலையில் போய்விட்டாள்.

நீ சொன்னது சரி. ஒரு கீறல்கூட இல்லை.

திங்கள் காலை பத்து மணிக்கு அடக்கம். அவளுக்கு உலகத்தில் இருக்கும் ஒரே சொந்தம் உங்களிடம் இருக்கிறது. இல்லை என்றால், இன்னொரு தடவை "இல்லை" என்று எழுது. உனக்குத்தான் கை வந்த வேலையாயிற்றே.

அம்மா

மார்ச் 21

அம்மாவுக்கு,

அடக்கத்துக்கு அந்தப் பெண்ணைப் பதினைந்து நிமிடம் அழைத்துவர அனுமதித்துக் கையெழுத்திட்டிருக்கிறேன். மனிதாபிமான அடிப்படையில். இதைப் பெரிதுபடுத்த வேண்டாம். எனக்கும் குடும்பம் இருக்கிறது.

மகன்

மார்ச் 24

மகனுக்கு,

பெண் வந்தாள். கையில் விலங்கோடு. பாதி உடம்புதான் இருக்கிறது. பாட்டியின் முகத்தைத் தொட விலங்கு விடவில்லை. நான் அவள் கையைத் தூக்கி வைத்தேன்.

காவலர்கள் உன் அனுமதித் தாளின் நகலைக் கொடுத்து என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள். ஏழு மாதமாக "இல்லை" என்ற துறை, முத்திரை குத்தி "இருக்கிறாள்" என்று கொடுத்துவிட்டது. எங்களுக்காக வாதாடும் வக்கீல் அதை நீதிமன்றத்தில் கொடுத்திருக்கிறார். ஏப்ரல் பத்தாம் தேதி உன்னைச் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள்.

கையெழுத்துப் போட்டதற்காக உன்னை மெச்சமாட்டேன். தையல்காரி உயிரோடு இருந்தபோது போட்டிருக்கலாம். ஆனால் நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டு வந்தால், என் வீட்டில் ஒரு வாய் சோறு உண்டு. அவ்வளவுதான் என்னால் முடியும்.

அம்மா

ஏப்ரல் 16

மகனுக்கு,

பத்துக் கிழவிகளும் கடைசி பெஞ்சில்தான் இருந்தோம். நீ எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

"கையெழுத்து என்னுடையது மாதிரிதான் இருக்கு. போட்டதா நினைவில்லை" என்றாய். நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "போன மாசம் போட்டதே நினைவில்லையா?" என்று கேட்டார். அதற்கும் நினைவில்லை என்றாய். குவாரிச் சாலையில் மூச்சு வாங்க உட்கார்ந்து எழுந்திருக்காதவளைப் பற்றிக் கேட்டபோதும் அதே பதில். உன் குரல் நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

உன் ஞாபகம் யாருக்கும் தேவைப்படவில்லை. முத்திரையே போதும் என்றார் நீதிபதி. அன்று சாயங்காலமே பெண்ணை விட்டுவிட்டார்கள். என் வீட்டில்தான் இருக்கிறாள். ராத்திரியெல்லாம் கதவையே பார்த்தபடி படுத்திருக்கிறாள்.

நேற்று கேட்டாள்: "கோர்ட்ல பேசினாரே, அவர் உங்க பிள்ளையா பாட்டி?"

நினைவில்லை என்று நானும் சொல்லியிருக்கலாம். எவ்வளவு சுலபம்! "ஆமாம்மா" என்றேன். எழுபத்திரண்டு வயதில் தலை குனிந்து சொன்ன முதல் பதில் அது.

அவள் தோழிகள் இரண்டு பேர் இன்னும் உள்ளே. செவ்வாய்க்கிழமை எங்களுக்கு வேலை இருக்கிறது. நீ வராதே. எழுதாதே.

உன்னைப் பெற்றவள்