சிஸ்டர் வெர்லீன் உட்கார்ந்த ஞாயிறு

மிசிசிப்பி,
ஜூலை, செவ்வாய் காலை

என் செல்ல மகன் டெரலுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், வீடு, நீ வாசலில் விட்டுப்போன பச்சைக் கார் மூவரும் சுகம். கார் மட்டும் காலையில் கொஞ்சம் இருமுகிறது. கடல் நடுவே நீயும் உன் கப்பலும் எங்களைவிட நன்றாக இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். போனில் சொல்லலாம் என்றால் நீ கூப்பிடும்போது எனக்குத் தூக்கம், நான் கூப்பிடும்போது உனக்கு வேலை. அதோடு இந்தச் செய்தியை வாயால் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவேன், இல்லாவிட்டால் அழுதுவிடுவேன். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. நிதானமாக உட்கார்ந்து படி.

அறுபதுகளில் நம் கறுப்பின மக்கள் சம உரிமைக்காகப் போராடிய கதை நான் சொல்லித்தருகிற பள்ளியின் மூன்றாம் வகுப்புப் புத்தகத்தில் ஒரே ஒரு பக்கம் என்று உன்னிடம் புலம்பினேனே, அதிலிருந்துதான் எல்லாம் ஆரம்பம். கோடை விடுமுறையில் சர்ச் கூடத்தில் பிள்ளைகளை உட்காரவைத்து நானே சொல்லித்தருகிறேன் என்று பாஸ்டரிடம் கேட்டேன். கேட்டேன் என்றால், ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அவர் மேசையில் வைத்துவிட்டு ஓடிவந்துவிட்டேன். பதினேழு வயதில் உன்னைப் பெற்று, உன்னோடு போட்டி போட்டுப் படித்து, நம் குடும்பத்திலேயே முதலில் பட்டம் வாங்கியவள் என்று ஊர் மெச்சுகிறது. மேடையில் அந்தக் காகிதத்தை வாங்கும்போதுகூட நான் தலை நிமிரவில்லை என்பது உனக்குத்தான் தெரியும். பாஸ்டர் சரி என்றார். ஆனால் பாடம் நடத்தக் கையில் ஒன்றுமில்லை. ஊர் நூலகத்துக் கணினியில் தேட உட்கார்ந்தேன், டெரல், அங்கே ஒரு புதையலே கிடக்கிறது! அருங்காட்சியகங்கள், பல்கலைக்கழகங்கள், ஆவணக் காப்பகங்கள் எல்லாம் பாடத்திட்டம், புகைப்படம், வரைபடம், அன்றைக்கு ஊர்வலம் போனவர்கள் தங்கள் சொந்தக் குரலில் பேசிய ஒலிப்பதிவு என்று அள்ளி அள்ளி இலவசமாக வைத்திருக்கின்றன. எட்டு வயதுப் பிள்ளைக்குப் பயம் காட்டாமல், பொய்யும் சொல்லாமல் எப்படி விளக்குவது என்று ஆசிரியருக்குக் குறிப்புகூட இருக்கிறது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள், நான் பார்த்தேன். எந்தப் பக்கத்தில் கார்டு நம்பர் கேட்கப்போகிறார்களோ என்று கடைசிவரை தேடினேன். கேட்கவே இல்லை. உன் கப்பலில் பிள்ளைகுட்டிக்காரர்கள் இருந்தால் சொல்லிவை, இதெல்லாம் எந்தக் கரையிலிருந்தும் கிடைக்கும்.

அந்தப் படங்களில் ஒன்றின் கீழே நம் ஊர்ப் பெயர் இருந்தது. நூலகப் படிக்கட்டில் சில சிறுமிகள், இஸ்திரி போட்ட கவுன், வெள்ளைக் காலுறை, பக்கத்தில் தடியோடு ஒரு போலீஸ்காரர். நூலகத்தில் நுழைய விடாததால் படியில் அமர்ந்த, பெயர் தெரியாத சிறுமிகள் என்று எழுதியிருந்தது. அதே நூலகத்துக்குள், குளிர்ந்த அறையில், நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு நான் அதைப் பார்க்கிறேன். கொஞ்ச நேரம் எழுந்திருக்கவே தோன்றவில்லை.

படங்களை அச்செடுத்துக் கொடுத்தால் பிள்ளைகள் கையில் அரை நாளில் கசங்கிவிடும். சர்ச்சில் விசிறுகிற அட்டை விசிறிகளில் ஒட்டினால் என்ன என்று தோன்றியது. பழைய விசிறிகளைப் பத்திரப்படுத்தி வைத்திருப்பவர், சர்ச்சுக்கு வருகிறவர்களுக்கு இடம் காட்டும் வழிகாட்டிப் பெண்களின் தலைவி சிஸ்டர் வெர்லீன். ஆராதனை முழுவதும் வெள்ளைக் கையுறையோடு, ஒரு கையை முதுகுக்குப் பின்னால் மடித்து, வாயே திறக்காமல் விரல் அசைவிலேயே சபையை ஆளுகிறாரே, அவர்தான். ஒரு பெட்டி கொடுத்து, "கிழிச்சீங்கன்னா தெரியும் சேதி" என்றார். விசிறியின் ஒரு பக்கம் ஜெபம் செய்கிற இயேசு, மறுபக்கம் சபை நிர்வாகம் பார்க்கிற டீக்கன் எல்ராய் டிஸ்டேலின் சவ அடக்க நிலையப் பெயரும் போன் நம்பரும். அச்சடித்துக் கொடுப்பவர் அவர் அல்லவா. பிள்ளைகள் ஒட்டிக் காயவைத்த பிறகுதான் கவனித்தேன், ஒன்று விடாமல் எல்லாவற்றிலும் டீக்கனின் பெயர் மறைந்துபோயிருந்தது. எங்களைக் கூடத்திலிருந்து வெளியேற்ற வேண்டும் என்று நிற்பவரே அவர்தான். அடக்கம் முடிந்து வருகிற உறவுக்காரர்கள் சாப்பிடும் இடம் அது, பசை கொட்டுகிற இடமல்ல என்பது அவர் கட்சி. "உன் நல்ல மனசு எனக்குத் தெரியும் ஜாஸ்லின். ஆனா துக்க வீட்டுக்காரங்க எங்கம்மா உக்காந்து கோழி திம்பாங்க?" என்று என்னிடமே கேட்டார். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபை கூடி முடிவெடுக்கும், பேசுவதை நீயே எழுந்து பேசு என்றும் சொல்லிவிட்டார். வேறு இடம் கிடையாது; கூடம் போனால் வகுப்பும் போச்சு. வாரம் முழுக்கக் குளியலறைக் கண்ணாடியிடம் பேசிப் பார்த்தேன். கண்ணாடிக்கே காது கேட்கவில்லை.

ஞாயிறு பிரசங்கத்தின் நடுவில் ஏசி ஒரு முனகல் முனகி நின்றுவிட்டது. ஜூலை வெயில், தொப்பி வைத்த பெண்கள், கேட்க வேண்டுமா? வழிகாட்டிப் பெண்கள் ஓடிப்போய்க் கையில் அகப்பட்ட விசிறிகளை எல்லாம் அள்ளிவந்து வரிசை வரிசையாகக் கொடுத்தார்கள். கூடத்து மேசையில் காய்ந்துகொண்டிருந்தவையும் அதில் சேர்ந்துவிட்டன. முன்னால் பக்கவாட்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்த டீக்கன் சபையை நிமிர்ந்து பார்க்கிறார். அவர் பெயர் ஆட வேண்டிய இடத்தில் எல்லாம் ஊர்வலமும் பேருந்தும் சிறைக் கம்பியும் ஆடுகின்றன. அவர் கழுத்துப்பட்டை இறுகுவது என் இடத்திலிருந்தே தெரிந்தது. எல்லாவற்றையும் திரும்ப வாங்கு என்று சிஸ்டர் வெர்லீனுக்கு விரலைக் காட்டினார். அவரும் நேராக என் வகுப்புப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்த முதல் வரிசைக்கு வந்து, வாயாடி ஜெய்லா கையிலிருந்த விசிறியை வாங்கினார். வாங்கியவர் அதில் ஒட்டியிருந்த நூலகப் படிக்கட்டுப் படத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். முதுகுக்குப் பின்னால் மடித்திருந்த கை மெல்ல முன்னால் வந்தது. "பாஸ்டர், இது நான்" என்றார்.

ஆராதனையில் அவர் குரலை யாரும் கேட்டதில்லை, டெரல். பாஸ்டரே வசனத்தை விட்டுவிட்டார். "சொல்லுங்க சிஸ்டர், சொல்லுங்க" என்று பின் வரிசைகளிலிருந்து சத்தம் கிளம்பியது. "இந்தா பக்கத்துல உக்காந்திருக்கறவ ஐடா பேர்ல். அழறான்னு நினைக்காதீங்க, அவளுக்கு ஒண்ணுக்கு முட்டிக்கிட்டு வந்துச்சு" என்றார். சபை சிரித்து முடிப்பதற்குள், அந்த வாரமே பருத்தி மில்லில் தன் அப்பாவை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள், அதற்குப் பிறகு வீட்டில் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை என்றார். ஐடா பேர்லின் மகள், அம்மாவின் படத்தைப் பார்க்கக் கேட்டு எழுந்தாள். அதற்குள் டீக்கன் எழுந்து, பிரசங்கம் போனது போகட்டும், கூட்டத்தை இப்போதே வைத்துவிடுவோம் என்று சொல்லி, "எம் பேரு மேல பசை தடவச் சொன்னது யாரு?" என்று கேட்டார். ஜெய்லா எழுந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "பின்ன, இயேசு மூஞ்சியிலயா ஒட்டச் சொல்றீங்க, மிஸ்டர் டிஸ்டேல்?" என்றாளே! பாஸ்டர் பைபிளால் வாயை மறைத்துக்கொண்டார். பெரியவர்கள் பேச வேண்டிய விஷயம், பிள்ளைகளை வெளியே கூட்டிக்கொண்டு போங்கள் என்று சிஸ்டர் வெர்லீனுக்கு டீக்கன் உத்தரவு போட்டார்.

அவர் கூட்டிக்கொண்டு போகவில்லை. கையுறைகளைக் கழற்றினார். பிள்ளைகளைக் கொஞ்சம் நகரச் சொல்லி, முதல் வரிசையில் அவர்கள் நடுவில் உட்கார்ந்துவிட்டார். ஆராதனையில் நிற்பதற்கென்றே பிறந்தவர், மடியில் கை வைத்துக்கொண்டு, படத்தில் இருந்த அதே மாதிரி. "எந்திரிங்க சிஸ்டர்" என்றார் டீக்கன். "அந்தப் படியிலயும் இதையேதான் சொன்னாங்க எல்ராய். அன்னிக்கும் நான் எந்திரிக்கல" என்றார் அவர்.

பிறகு என்ன நடந்தது என்றால், நான் எழுந்துவிட்டேன். நானேதான்! கண்ணாடியிடம் பழகியது ஒரு வார்த்தை நினைவில் இல்லை. பாடம் இலவசம், படம் இலவசம், குரல்கள் இலவசம், இந்த ஊரில் விலை கொடுத்தவர்கள் கொடுத்துவிட்டார்கள், எங்களுக்கு ஓர் அறை மட்டும் தாருங்கள் என்றேன். என் குரல் கடைசி வரிசை வரைக்கும் கேட்டதாம். வகுப்பு வேண்டும் என்பவர்கள் எழுந்து நில்லுங்கள் என்றார் பாஸ்டர். உட்கார்ந்திருந்தவர்கள் சிஸ்டர் வெர்லீனும், தன் பெஞ்சுக்குத் திரும்பிவிட்ட டீக்கனும்தான். டீக்கன் சபையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்தார். பசையை மட்டும் துடைத்துவிடு, அடக்கம் வருகிற நாளில் வகுப்பு கிடையாது என்றார். சரி என்று இரண்டு தரம் சொன்னேன்.

இன்று மத்தியானம் வகுப்பு. காலையிலேயே சிஸ்டர் வெர்லீன் போன் செய்து, என்ன உடுத்திக்கொண்டு வரட்டும் என்று கேட்டார், அவருக்கும் கூச்சம் இருக்கிறது பார். பிள்ளைகள் என்ன கேட்பார்கள் என்றார். ஜெய்லா எழுதித் தந்திருந்த கேள்வியைப் படித்துக் காட்டினேன், அன்றைக்கு நீங்கள் என்ன புத்தகம் எடுக்கப் போனீர்கள் என்பது அது. "இத்தனை வருஷத்துல இதை ஒருத்தரும் கேக்கலியே கண்ணு" என்றார். பதில் எனக்கும் தெரியாது. பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்துதான் நானும் கேட்கப்போகிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, ஈரக் காலுறையோடு தூங்காதே, கோபம் வந்தால் பத்து எண்ணு. பல் மருத்துவரைப் பார் என்று மூன்றாம் முறை சொல்கிறேன், நாலாம் முறை உன் கேப்டனுக்கே எழுதுவேன். கடலும் காற்றும் உன்னிடம் தயவாக இருக்கட்டும், கர்த்தர் உன் தலைமேல் கை வைத்துக் காக்கட்டும்.

முத்தங்களுடன்,
சபை நடுவே எழுந்து பேசிய உன் அம்மா,
ஜாஸ்லின்