இருபது நாள் கழித்து வந்த ஜீவனாம்சம்

14 நவம்பர் 1957, வியாழன்
காஜா பேராங்

இன்று மத்தியானம் கமலம் வந்தாள். என் கணவர் கோர்ட்டில் என்னைப் பிரிந்த பிறகு கட்டிக்கொண்ட பெண். அவர் இறந்து இருபது நாள் ஆகிறது. நான் சாவுக்குப் போகவில்லை. அவளோடு இதற்கு முன் பேசியதும் இல்லை.

உஜோங் பாசிரிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தாள். உட்கார்ந்ததும் கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து முப்பது வெள்ளிப் பணத்தை மேசைமேல் வைத்தாள்.

"இந்த மாசத்துக் காசு, அக்கா. நீங்க இருக்கிற வரைக்கும் நான்தான் கட்டணுமாம். இல்லாட்டி கோர்ட்டுக்கு இழுத்துருவாங்கன்னு அவரோட அண்ணன் சொன்னாரு."

போன வாரமே லாயரிடம் கேட்டுவிட்டேன். ஜீவனாம்ச உத்தரவு அவர் சாவோடு முடிந்துவிட்டது என்றார். இவளுக்கு அது தெரியவில்லை. நான் வாயைத் திறக்காவிட்டால் மாதாமாதம் கொண்டுவருவாள். எனக்குத் தையலில் வருவது வாடகைக்கே பத்தாது.

அவள் காதில் தோடு இல்லை. துளை தூராமல் ஈர்க்குச்சி செருகியிருந்தாள். எங்கே என்று கேட்டேன். அடகுக்கடையில் என்றாள்.

"காச எடுத்துக்கிட்டுப் போ. அவரு போனதோட அது முடிஞ்சிபோச்சி. லாயரே சொன்னாரு."

அவள் நம்பவில்லை.

"அப்படியே எழுதிக் குடுங்க, அக்கா. அவரோட அண்ணன்கிட்ட காட்டணும்."

எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பழக்கத்தில் என் பெயரோடு அவர் பெயரையும் சேர்த்து எழுதிவிட்டேன். அந்தப் பெயரை அடித்துவிடலாமா என்று யோசிப்பதற்குள் அவள் தாளை வாங்கிவிட்டாள். கடைசி வரியில் இருந்த கையெழுத்து வரைக்கும் படித்தாள். தாளை மடித்து, பணத்தோடு சேர்த்து முடிந்துகொண்டாள்.