ஸ்டெல்லா கடித்த பேனா மூடி

என் ஸ்டெல்லாக் கண்ணு,

திட்டுவாய் என்று தெரிந்துதான் எழுத உட்கார்ந்தேன். ஆவூரில் உன் கல்லறைப் பக்கம் வந்து ஐந்து மாதம் ஆகிவிட்டது. வேலை அதிகம் என்று உன் வீட்டுக்காரரிடம் சாக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். வேலையாவது மண்ணாவது! உன் முகத்தில் முழிக்க வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். உன் மகள் என்னைவிட உயரமாகிவிட்டாள். "சித்தி, ஒங்க உச்சந்தலை நரைச்சிருக்கு" என்று மேலே இருந்து பார்த்துச் சொல்கிறாள். நீ மல்லுக்கு நின்று கேட்ட சாய்தளத்தைப் பள்ளி வாசலில் கட்டிவிட்டார்கள். சக்கர நாற்காலி ஏற வேண்டிய இடத்தில் வாத்தியார்களின் பைக் நிற்கிறது. அங்கே போகிறபோதெல்லாம் ஒரு சண்டை போட்டுத்தான் நகர்த்த வைக்கிறேன்.

இனி நாகவள்ளி விஷயத்துக்கு வருகிறேன்.

நீயும் நானும் குன்றாண்டார்கோவில் வட்டாரத்துக்கு, மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியர்களாக ஒரே நாளில் சேர்ந்தோம். ஆறாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் சும்மா உட்கார வைத்திருந்த அவளைக் கண்டுபிடித்தது நீதான். மூளை முடக்குவாதம். விரல்கள் பேனாவைப் பிடிக்காது. நாக்கு ஒவ்வொரு சொல்லையும் இழுத்து இழுத்துத்தான் வெளியே தள்ளும். ஆனால் அறிவு இருக்கிறதே, அது நம் இரண்டு பேரையும் விற்றுவிட்டு வந்துவிடும்.

பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் இவளைப் போன்ற பிள்ளைக்குத் தனி அறையும் ஒரு மணி நேரம் கூடுதலும் உண்டு. பிள்ளை சொல்வதை எழுத வேறு பள்ளி ஆசிரியர் ஒருவர் வருவார். சொன்னதை மட்டும்தான் எழுதுவார். அதற்காகத்தான் ஒரு வருடம் முன்பிருந்தே நீ அவளோடு உட்கார்ந்து எழுதிப் பழக்கினாய். உட்கார்ந்ததும் பேனா மூடியைக் கழற்றிப் பல்லில் கடித்துக்கொள்வாய்.

"என்னடி இது, பால் பாட்டிலா?" என்று நான் கேலி செய்வேன்.

"பதிலு தெரியும்ல, எனக்கு வாயி துறுதுறுங்குது பவானி. மூடி வாயில இருந்தா நான் முந்த மாட்டேன். அவளே முடிக்கட்டும்."

கடைசியாகத் திருச்சி ஆஸ்பத்திரியிலும் இதைத்தானே சொன்னாய். "நாகவள்ளிக்கு இனி நீதான் ஒக்காரணும். அவசரக்குடுக்கை, ஒனக்கு ஒரு மூடி பத்தாது, ரெண்டு வேணும்" என்றாய். நாம் சிரித்த சிரிப்பில் நர்ஸ் வந்து அதட்டினார். பத்தே நாளில் நீ போய்விட்டாய்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மூடியைப் பேனாவின் பின்பக்கம் மாட்டிவிட்டு எழுத ஆரம்பித்தேன்.

உன் பள்ளிகளையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். நாகவள்ளிக்கு வாரத்தில் ஒரு மத்தியானம்தான் கிடைத்தது. பாடமோ மலையாகக் கிடந்தது. அவள் "ஒளி..." என்று தொடங்குவாள். அவள் அடுத்த எழுத்துக்கு வாயைத் திறப்பதற்குள் ஒளிச்சேர்க்கை பற்றி நாலு வரி எழுதியிருப்பேன். அவள் சிரிப்பாள். போகப் போக முதல் சொல்லைச் சொல்லிவிட்டு என் கையைப் பார்த்துக்கொண்டிருக்கப் பழகிவிட்டாள். பக்கம் பக்கமாக நிறைந்த தாளைப் பார்த்து, பிள்ளை தேறிவிட்டாள் என்று நானே மெச்சிக்கொண்டேன். மடச்சி!

தோற்றால் என்ன ஆகும் என்றும் எனக்குத் தெரியும். அவள் அப்பாவுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. பிளஸ் ஒன் கிடைக்காவிட்டால் மகளையும் கூட்டிக்கொண்டு அங்கே போய்விடுவதாக அவள் அம்மா ராக்கு முடிவு செய்திருந்தாள். அங்கே ஒற்றை அறை. இரண்டு பேரும் வேலைக்குப் போகும்போது பிள்ளையை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும்.

முதல் பரீட்சை தமிழ். வெளியே வந்த நாகவள்ளியின் முகம் செத்துப்போயிருந்தது.

"அவரு... எழுதல டீச்சர். நான்... பாத்துக்கிட்டே இருந்தேன். அவரும்... பாத்துக்கிட்டே இருந்தாரு."

அந்த வாத்தியார் மேல் ஒரு குற்றமும் இல்லை. அவள் சொன்ன முதல் சொல்லை எழுதிவிட்டு மிச்சத்துக்குக் காத்திருந்தார். இவளோ மிச்சத்தை அவர் எழுதுவார் என்று காத்திருந்தாள். அப்படிப் பழக்கியது யார்?

"எங்கிட்டு டீச்சர் தப்பாப் போச்சு?" என்று ராக்கு கேட்டாள்.

அடுத்து நான் செய்ததை உன்னிடம் சொல்லத்தான் இந்தக் கடிதமே. "புள்ள பயந்துருச்சு போல ராக்கு" என்றேன். நாகவள்ளி தலையைக் குனிந்துகொண்டாள். பழியை அந்தப் பிள்ளை தலையில் போட்டுவிட்டு நான் பஸ் ஏறிப் போனேன், ஸ்டெல்லா. நீயாக இருந்திருந்தால் செய்திருப்பாயா?

அடுத்த பரீட்சை அறிவியல், அதற்கு நாலு நாள் இருந்தது. மறுநாள் காலையிலேயே அவள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து மூடியைக் கடித்துக்கொண்டேன். அவள் "இதயம்..." என்று சொல்லிவிட்டு என் கையைப் பார்த்தாள். நான் அசையவில்லை. சுவர்க் கடிகாரத்தில் ஐந்து நிமிடம் ஓடியது. அவள் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

"ஏன்... எழுத மாட்டேங்கிறீங்க?"

மூடியை எடுத்துவிட்டுச் சொன்னேன். "தப்பு என்னோடது வள்ளி. ஒன் வாயில இருந்து நான் புடுங்கி எழுதிட்டேன். நீ பயப்படவே இல்ல. ஒங்கம்மாகிட்ட பொய் சொன்னேன்."

அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். சாயங்காலம் வரை அப்படியே இருந்தாள். மூன்றாம் நாள் ஒரு முழுப் பதிலை முதலிலிருந்து முடிவுவரை சொன்னாள். பதினோரு நிமிடம் பிடித்தது. ஒரு பதிலுக்கே பதினோரு நிமிடம் என்றால் மொத்தக் கேள்வித்தாளுக்கும் நேரம் எங்கே என்று அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

அறிவியல் அன்று பள்ளி கேட்டுக்கு வெளியே ராக்குவும் நானும் நின்றோம். பறக்கும் படை ஜீப் உள்ளே போனது. கொஞ்ச நேரத்தில் திரும்பியது. ஒன்றேகாலுக்கு மணி அடித்தது. மற்ற பிள்ளைகள் கத்திக்கொண்டு வெளியே ஓடி வந்தார்கள். அந்தக் கூட்டத்தில் நாகவள்ளி இல்லை. சொல்லிக்கொண்டிருக்கிறாளா, இல்லை அந்த மனிதரின் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளா? அந்த நிமிடத்தில்தான் ராக்குவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அன்னைக்கே சொல்லியிருந்தா நல்லா நாலு வாங்கிக் கட்டிக்கிட்டிருப்பீங்க. இப்பத் திட்ட எனக்குத் தெம்பு இல்ல. புள்ள வரட்டும்" என்றாள். அப்புறம் என் பக்கம் திரும்பவே இல்லை.

இரண்டேகாலுக்கு வெளியே வந்தார்கள். எழுதிய வாத்தியார் கையை உதறிக்கொண்டே என்னிடம் வந்தார்.

"ஒங்க புள்ளையா டீச்சர்? பேனாவக் கீழ வைக்க விடலீங்க! ஒவ்வொரு வரியையும் திருப்பி வாசிக்கச் சொல்லுது. ஒரு எடத்துல, பாவம் செரமப்படுதேன்னு நானே முடிச்சு எழுதப் போனேன். டெஸ்க்குல ஓங்கி ஒரு அடி அடிச்சிருச்சு. 'நான்... இன்னும்... முடிக்கல சார்'ங்குது."

ராக்கு சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் அழவில்லை என்று சொன்னால் நம்புவாயா? ஆனால் கடைசி மூன்று கேள்விக்கு நேரம் போதவில்லை. அதையும் உன்னிடம் மறைக்க மாட்டேன்.

ரிசல்ட் வந்தது. அறிவியலில் பாஸ், மற்றதிலும் பாஸ். தமிழில் ஃபெயில். வீட்டில் ஓயாமல் பேசுகிற பாஷையில் அவளைத் தோற்க வைத்தவள் நான்.

நாளைக் காலை பத்து மணிக்கு அந்தத் தமிழுக்குத் துணைத்தேர்வு. ராக்கு திருப்பூருக்குத் துணிமணியெல்லாம் கட்டி வைத்துவிட்டாள். "பாஸானா அவுக்கிறேன் டீச்சர்" என்கிறாள். மூட்டை வாசற்படி ஓரத்திலேயே இருக்கிறது. தினமும் அதைத் தாண்டித்தான் உள்ளே போகிறேன்.

இன்று மத்தியானம் கடைசியாக ஒரு தடவை எழுதிப் பார்க்க உட்கார்ந்தோம். படபடப்பில் மூடியைப் பேனாவின் பின்னால் மாட்டிவிட்டேன். பழைய புத்தி! நாகவள்ளி வாயைத் திறக்கவில்லை. கையை மெல்ல நீட்டி, பேனாவை என் கையிலிருந்து தட்டிவிட்டாள். மூடி கழன்று உருண்டது. நாலு தடவை நழுவவிட்டு, ஐந்தாம் தடவை இரண்டு விரல் இடுக்கில் அதைப் பிடித்து என் உதட்டருகே கொண்டுவந்தாள்.

"ஸ்டெல்லா டீச்சரு... கடிப்பாங்கள்ல... அப்புடி."

கடித்துக்கொண்டேன். அதற்கப்புறம்தான் கட்டுரையைத் தொடங்கினாள்.

நாளை உள்ளே அவளோடு நான் இருக்க முடியாது. ஆனாலும் அவள் முடித்து வரும்வரை கேட்டுக்கு வெளியே மூடியைக் கடித்துக்கொண்டு நிற்பேன். பார்க்கிறவர்கள் பைத்தியம் என்று நினைத்தால் நினைக்கட்டும். பாஸோ ஃபெயிலோ, இனி எந்தப் பிள்ளையின் பதிலையும் நான் முந்திச் சொல்ல மாட்டேன், ஸ்டெல்லா. இந்த ஞாயிறு ஆவூர் வருகிறேன். எப்படி எழுதினாள் என்று நான் சொல்லப்போவதில்லை. அவளையும் கூட்டி வருகிறேன். எவ்வளவு நேரம் ஆனாலும் அவளே சொல்வாள், நீ கேட்டுக்கொள்.

உன் பிள்ளைகளுக்குச் சித்தி,
உன் அவசரக்குடுக்கை
பவானி