முதல் வட்டத்தில் கீரை

மார்ச் 4

தங்கையின் தொல்லை தாங்காமல் பெர்மாகல்ச்சர் என்கிற இயற்கைத் தோட்ட வகுப்பில் சேர்ந்துவிட்டேன். "சும்மாவே உக்காந்திருந்தா துருப்பிடிச்சுப் போயிடுவ அண்ணா." முப்பது வருடம் லேத் ஓட்டியவனிடம் துருவைப் பற்றிப் பேசுகிறாள்.

முதல் பாடம்: உடனே மண்வெட்டியைத் தூக்காதே, முதலில் பார். வெயில் எங்கே விழுகிறது, மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது. சும்மா பார்ப்பதில் நான் கெட்டிக்காரன். மனைவி போன பிறகு வேறென்ன செய்தேன்?

மார்ச் 11

இன்று வட்டங்கள். தினமும் கைபட வேண்டியவை, கீரை, மிளகாய் எல்லாம் சமையலறை வாசலை ஒட்டி. அது முதல் வட்டம். எப்போதாவது எட்டிப்பார்த்தால் போதும் என்கிற மரங்கள் தள்ளி. கடைசி வட்டத்தில் கையே வைக்கக் கூடாதாம், பறவைக்கும் பூச்சிக்கும் விட்டுவிட வேண்டும்.

மகன் எந்த வட்டம்? ஞாயிற்றுக்கிழமை போன் வட்டம்.

மார்ச் 18

என் தோட்டத்தை வரைந்து காட்டினேன். கீரையும் மிளகாயும் கொல்லைக் கோடியில், பின்வீட்டுச் சுவரை ஒட்டி. ஆசிரியை சிவப்பில் சுழித்தார். "ஒரு பிடி கீரைக்கு இவ்வளவு தூரமா சார்?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

என்னத்தச் சொல்றது? சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு குடும்பம் சாப்பிடுது, தட்டுச் சத்தம் கேக்கும், பெரிய பொண்ணு பதினாறாம் வாய்ப்பாட்டத் தப்பாச் சொல்லும் — அதக் கேக்கத்தான் அங்க போட்டேன்னா? வெட்கங்கெட்ட பொழப்பு.

மார்ச் 20

மிளகாய்ச் செடிகளை மண்ணோடு பெயர்த்து வாசலோரம் நட்டேன். கீரையைப் புதிதாக விதைத்தேன். இடுப்பு போய்விட்டது.

மார்ச் 24

கீரை முளைத்துவிட்டது. வாசலோரம் ஒரு சத்தமும் இல்லை.

மார்ச் 27

சருகு கொட்டப் பின்னால் போனேன். சுவருக்கு மேலே ஒரு தலை. பின்வீட்டு அம்மா. இன்றுதான் முகத்தைப் பார்க்கிறேன்.

"உடம்பு சரியில்லையா அண்ணே? ஒரு வாரமா சத்தத்தையே காணோம்."

"என்ன சத்தம்மா?"

"செடிங்களத் திட்டுவீங்களே. மிளகாய சோம்பேறிம்பீங்க. அதக் கேட்டுக்கிட்டேதான் எங்க சின்னது சாப்பிடும். இப்ப வாயத் தொறக்க மாட்டேங்குது."

அத்தனை நாளும் வாய்விட்டா பேசினேன்? காதெல்லாம் சுட்டது. "இடம் மாத்திட்டேன்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். வந்து, ஏனோ அழுதேன்.

மார்ச் 28

மிளகாய்ச் செடி ஒன்றைப் பெயர்த்துப் போய்ச் சுவரோரம் நட்டேன். சாயங்காலம் அந்தப் பக்கம் தட்டு வைக்கும் வரை காத்திருந்து அதைத் திட்டினேன், கொஞ்சம் உரக்கவே.