சாக்கடையில் போன செர்ரி பீர்

என் மாமா,

அன்பாகத்தான் தொடங்க நினைத்தேன், கோபம் முந்திக்கொள்கிறது. நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. கம்பெனியை உங்கள் தம்பி பழனிசாமி பார்த்துக்கொள்கிறார். நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தபோது கட்டிக்கொண்டிருந்த பனியன் சரக்கும் கப்பல் ஏறிவிட்டது. எல்லாம் நடக்கிறது. எனக்குத்தான் விடிவதே பிடிக்கவில்லை.

அந்தப் பாட்டில் விஷயம் சொல்ல வேண்டும். பம்பாய் வியாபாரியோடு சரக்குப் பார்க்க வந்த பெல்ஜியம்காரர் கொடுத்தாரே, செர்ரிப் பழம் ஊறிய பீர். அவர் ஊரிலேயே சுலபத்தில் கிடைக்காது என்றீர்கள். ஒரு பாட்டிலை அவரோடு குடித்துவிட்டு, இன்னொன்றை வேட்டியில் சுற்றி எடுத்து வந்தீர்கள். சாப்பிட உட்கார்ந்தும் அதே பேச்சு.

"புளிக்குது சரசு. ஆனா கெட்டுப்போன புளிப்பில்ல. முழுங்குனப்பறம் பழம் வருது. அதுவுமில்ல, வேற என்னமோ."

"புளிச்ச தண்ணிக்கு இத்தனை பேச்சுங்களா?"

"பனியன் சரக்கு கப்பல் ஏறட்டும், ரெண்டு பேரும் குடிக்கலாம். அது என்ன ருசின்னு நீதான் எனக்குச் சொல்லோணும்."

பேச்சில் என்னை ஜெயிக்க முடியாது என்று உங்களுக்குத் தெரியும். அதனால்தானே அந்த வேலையை எனக்குக் கொடுத்தீர்கள்?

இப்போது மறுபடியும் மதுவிலக்கு. "பெர்மிட் இல்லாம ஊட்ல வெக்கக் கூடாதுங்க அண்ணி, அண்ணன் ஆசைப்பட்டது, வருஷப் படையல்ல வெச்சு முடிச்சரலாமுங்க" என்றார் பழனிசாமி. சரியென்றேன். நான் அடுப்படியில் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது அவர் வாசலில் தக்கையைப் பிடுங்கினார். டம்ளரில் கொஞ்சம் ஊற்றி நாக்கில் வைத்தவர் முகம் சுளித்தாராம். சாயப்பட்டறையில் ஆசிட் வாடையிலேயே நிற்கிறவர் அல்லவா, அவருக்குப் புளிப்பு என்றால் கெட்டதுதான். கெட்டதைப் படைத்தால் பாவம் என்று பாட்டிலைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டார்.

நான் ஓடி வரும்போது சிவப்பு நுரை ஓடிக்கொண்டிருந்தது.

"போச்சுங்க அண்ணி, புளிச்சுப்போச்சு" என்றார். அவர்மேல் என்ன தப்பு? அது அப்படித்தான் இருக்கும் என்று நீங்கள் என்னிடம் மட்டும்தானே சொன்னீர்கள். டம்ளரில் ஒரு வாய் மிச்சமிருந்தது. அதை எடுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன்.

இலை போட்டு, சாம்பிராணி காட்டி, நீங்கள் வந்து சாப்பிடப் படையல் அறைக் கதவைச் சாத்தினோம். எல்லோரும் வெளியே நின்றார்கள். நான் அடுப்படிக்குப் போய் அந்த ஒரு வாயைக் குடித்தேன்.

முதலில் பல் கூசியது. பிறகு பழம் வந்தது. அதற்கும் பிறகு, நீங்கள் தேடித் தேடிக் கிடைக்காமல் விட்டதும் வந்தது. அது என்னவென்று எனக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது மாமா, எழுத்தில் வராது, உங்கள் காதில்தான் சொல்ல வேண்டும். அந்தச் சந்தோஷத்தில் எல்லாம் மறந்து, "மாமா, இங்க வாங்க" என்று சத்தமாகக் கூப்பிட்டுவிட்டேன்.

சாத்திய கதவுப் பக்கம் நின்ற நம் மல்லிகா ஓடி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அம்மா, அப்பா வந்துட்டாங்களா?"

ஒரு வருஷமாக அழுதது அழுகையே இல்லை. அவளைக் கட்டிக்கொண்டு அப்போது அழுததுதான் அழுகை.

சத்தியமாகச் சொல்கிறேன், இனி உங்களை வாய்விட்டுக் கூப்பிட மாட்டேன்.

உங்கள் மாமன் மகள்,
சரசு