குளிக்கப் போனவளுக்கு

வாதி அல்ஜோஸ், எருசலேம்
ஜூலை 9

அன்பு மகள் லமீஸுக்கு அம்மா எழுதுவது. இறைவன் புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகம், மாடித் தண்ணீர்த் தொட்டியைத் தவிர இந்த வீட்டில் எல்லாரும் சுகம். தொட்டி ஏன் காலியானது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். சிலியில் இப்போது குளிர்காலமாயிற்றே, அந்தச் சாந்தியாகோ குளிரில் கம்பளிச் சட்டை போடுகிறாயா, ஊரார் வாயையெல்லாம் பார்த்துவிட்டு உன் வாய்க்கு ஒரு கவளம் போட மறந்துவிடுகிறாயா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். போனில் சொல்லியிருப்பேன், ஆனால் இங்கே போனுக்கும் காது உண்டு. அதனால் அங்கே வரும் உன் மாமன் மகள் ஹனானின் பெட்டியில், ஸாத்தர் பொடிப் பொட்டலத்துக்குள் மடித்து வைத்து அனுப்புகிறேன். தாளில் கறை இருந்தால் அது ஆலிவ் எண்ணெய், அம்மாவின் கண்ணீர் என்று நினைத்துக்கொண்டு நீ வேறு அழ ஆரம்பிக்காதே.

போன செவ்வாய் காலை ஏழு மணிக்குக் கதவைத் தட்டினார்கள், உள்துறை அலுவலகத்திலிருந்து ஓர் ஆண், ஒரு பெண், கையில் கோப்பு. நீ உண்மையிலேயே இங்கேதான் வாழ்கிறாயா என்று பார்க்கும் சோதனை. உனக்குத் தெரிந்த கதைதான், எனக்கு நாலு வயது, முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்தேன், உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் அறுபத்தேழு போரில் ஜெயித்தவர்கள் இந்தத் தெருவைத் தங்கள் நாட்டோடு சேர்த்துக்கொண்டார்கள். அப்பா சொல்வாரே, "மண்ணைச் சேர்த்துக்கிட்டாங்க, கல்லைச் சேர்த்துக்கிட்டாங்க, அத்திமரத்தைக்கூடச் சேர்த்துக்கிட்டாங்க, நம்மளை மட்டும் விருந்தாளின்னு எழுதி வச்சுட்டாங்க" என்று. விருந்தாளி ஏழு வருடம் வெளியே தங்கிவிட்டாலோ வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டாலோ அடையாள அட்டை போச்சு, பிறந்த வீட்டுக்குத் திரும்பி வந்து வாழ முடியாது. நீ போய் ஆறு வருடம் எட்டு மாதம் ஆகிறது. அத்தனை நாளும் விடிந்ததும் முதல் வேலையாக, நீ இங்கேயே இருப்பதாகக் காட்ட, உன் பல் பிரஷை நனைத்து வைக்கிறேன். நீ அனுப்பிய மின்சாரப் பிரஷைப் பெட்டியோடு பரணில் போட்டுவிட்டேன் என்று கோபித்தாயே, அது ஈரமா இல்லையா என்று எந்த அதிகாரிக்கும் விளங்காது, அதனால்தான்.

அந்தப் பெண் நேராக நடையில் இருக்கும் கைகழுவும் தொட்டிக்குப் போய்ப் பிரஷைத் தொட்டுப் பார்த்தாள். ஈரம். எனக்குள் ஒரு பெருமை. ஆனால் அவள் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, "உங்க பொண்ணு பல் டாக்டர்னு சொன்னீங்க, பிரஷ் இப்படியா இருக்கும்?" என்றாள். பார்த்தால் இழையெல்லாம் நாலு பக்கமும் விரிந்து, புகையிலைக் கறையோடு மஞ்சளாகக் கிடக்கிறது. புதிதாக இருந்தால் சந்தேகம் வரும் என்று உன் அப்பா ஒன்றரை வருடமாக என்னிடம் சொல்லாமல் அதில்தான் பல் தேய்த்திருக்கிறார். செருப்புத் தைக்கிறவன் காலில் செருப்பு இருக்காது என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். சரி, பொண்ணு எங்கே என்றாள். என் வாயில் வந்தது, "குளிக்கிறா".

அவர்கள் உன் அறையில் அலமாரியைக் கிளறிக்கொண்டிருந்த நேரத்தில் அப்பா எலிபோலக் குளியலறைக்குள் புகுந்து தாழ்ப்பாள் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டார். ஆண் அதிகாரி கதவருகே வந்து, "லமீஸ், சீக்கிரம் வாம்மா, ஒரு கையெழுத்துத்தான்" என்றார். உள்ளேயிருந்து பெண் குரலில் ஓர் இருமல் வந்தது. கதவிடுக்கில் வால் மாட்டிய பூனைகூட அதைவிட நன்றாக இருமும். தொண்டை கட்டியிருக்கிறது என்றேன். காபி வைத்துக் கொடுத்தேன், குடித்தார்கள், தண்ணீர் ஓடியது. மாடி வீட்டிலிருந்து வஜீஹின் அம்மா உம் வஜீஹ், "யாரு தொட்டியைக் காலி பண்றது, எனக்குப் பாத்திரம் கழுவ வேண்டாமா?" என்று கத்திக்கொண்டே இறங்கி வந்தாள். லமீஸ் குளிக்கிறாள் என்று கண்ணைக் காட்டினேன். அவள் சளைத்தவளா, "ஓ அவளா, அவ குளிக்கப் போனா வெளிய வர வருஷக்கணக்காகும்ல" என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டாள்.

கடைசியில் தொட்டி தீர்ந்தது, கதவு திறந்தது, உன் ரோஜா நிறத் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு, சட்டையெல்லாம் சொட்டச் சொட்ட உன் அப்பா நிற்கிறார். அந்த அதிகாரி, அவருடைய அம்மா பாக்தாத்தில் பிறந்தவராம், வீட்டில் அரபிதான் பேசுவாராம், யோசிப்பதற்கு முன்பே "நயீமன்!" என்றுவிட்டார். நம் ஊரில் குளித்து வருகிறவரைக் கண்டால் வாய் தானாகச் சொல்லும் வாழ்த்தாயிற்றே, நாக்கு என்ன கோப்பிடம் அனுமதியா கேட்கும். அப்பாவும் மரியாதை தவறாமல், ஒரு முடிகூட இல்லாத தலையைத் துவட்டிக்கொண்டே, "அல்லாஹ் உங்களுக்கும் அந்தச் சுகத்தைக் கொடுக்கட்டும்" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, அந்தப் பெண்ணும் உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஆனால் சிரித்தவர்கள் எழுதமாட்டார்கள் என்று நினைக்காதே. அப்பா சொட்டிய நீர் தரையில் காய்வதற்குள் தாள் தயாராகிவிட்டது. வாசலில் அந்த மனிதர் குரலைத் தாழ்த்தி, "உங்க பொண்ணைச் சீக்கிரம் குளிச்சு முடிக்கச் சொல்லுங்கம்மா, செப்டம்பர் பதினாலு, நேர்ல வரணும். வரலைன்னா அட்டை ரத்து" என்றார்.

ஆகஸ்டில் சிலி குடியுரிமைக்குச் சத்தியம் செய்யப் போவதாகச் சொல்லியிருந்தாய். செய்யாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த ஊர் உனக்கு வேலை கொடுத்தது, சோறு போட்டது, நன்றி கெட்டவளாக நான் உன்னை வளர்க்கவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். உம் வஜீஹின் இளையவன் பஷீர் கனடாக்காரன் ஆனானே, பிப்ரவரியில் அவன் தகப்பன் இறந்தபோது ஓடி வந்தான், விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடக்கத்தை அண்ணன் போனில் காட்டினான், மண் மூடி முடிவதற்குள் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. அவன் பிரஷ் இன்னும் அவள் வீட்டில் கிடக்கிறது, நனைக்கவும் மாட்டாள், தூக்கிப் போடவும் மாட்டாள். அதைப் பார்த்த அன்று பயந்தேன் லமீஸ், இவர்கள் கோப்புக்குக்கூட நான் அப்படிப் பயந்ததில்லை.

அப்பாவுக்கு மறுநாளே சளி பிடித்து இப்போது நிஜமாகவே இருமுகிறார், உனக்கு முத்தம் சொன்னார். உன் கைக்கு வலி வராமல், உன் பேருக்குக் குறை வராமல் இறைவன் காக்கட்டும். படித்ததும் இதைக் கிழித்துப் போடு, ஸாத்தரைக் கிழித்துப் போடாதே. வருவதானால் பிரஷ் புதிதாக வாங்கி வா. முடிவு உன்னுடையது, நான் அவசரப்படுத்தவில்லை. ஆனால் குளித்தது போதும், அம்மாடி. துண்டை வைத்துக்கொண்டு கதவுக்கு வெளியே நிற்கிறேன், இந்த வீட்டில் உனக்கு நான் சொல்ல வேண்டிய "நயீமன்" ஒன்று பாக்கி இருக்கிறது.

உன் அம்மா
நுஹா